வெள்ளி நாணயத்தைத் துடைக்கும் முன்: பழைய பாலிஷைக் கண்டுபிடிப்பதும் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வதும்

பழைய வெள்ளி நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், அதைச் சட்டை நுனியில் வைத்து அழுத்தி ஒரு தேய் தேய்ப்பது. அந்த ஒரு தேய்ப்பே போதும், நூறு வருஷம் கெடாமல் வந்த பரப்பில் கீறல் விழுந்துவிடும். அதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. வெள்ளி மென்மையான உலோகம். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 2.5 முதல் 3 வரைதான். துணியில் ஒட்டியிருக்கும் தூசியில் மணல்துகள் இருக்கும். அது குவார்ட்ஸ், கடினம் 7. துணி பட்டுப்போல இருந்தாலும் துணிக்கும் நாணயத்துக்கும் நடுவில் அகப்பட்ட மணல் தன் வேலையைச் செய்துவிடும்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் கழுவுவதைவிடப் பார்ப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் "எதைப் போட்டுக் கழுவுவது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை ஏற்கெனவே யாராவது தேய்த்திருக்கிறார்களா?

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது

வெள்ளி இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து அதன் மேல்தோல் வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. இந்தப் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து நிறங்களைக் காட்டும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் தெரிகிற அதே வித்தைதான். முதலில் இளமஞ்சள், பிறகு பொன்னிறம், கருஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று போகும். படலம் தடிக்கத் தடிக்க இன்னொரு சுற்று நிறங்கள் வரும், கடைசியில் கறுப்பு. சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்பார்கள்.

இதில் ஒன்றை மனதில் வையுங்கள். டோனிங் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு கிடையாது. நாணயத்தின் வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. அதைக் கரைத்து எடுத்தால் நாணயத்தின் தோலில் ஒரு அடுக்கு அதோடு போய்விடும்.

அந்தத் தோலில்தான் லஸ்டர், அதாவது அச்சடித்தபோதே வந்த ஒளிர்வு, இருக்கிறது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். அப்படி நகர்ந்த தடம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்வரிகளாகப் பதிந்துவிடும். புழக்கத்துக்கே போகாத நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பினால் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளிப்பட்டை சுழன்று வரும். அதைச் செய்வது இந்த வரிகள்தான். பாலிஷ் தருகிற பளபளப்பு வேறு வகை. அது கண்ணாடி போல ஒரே இடத்தில் நின்று கண்ணைக் கூசச் செய்யும், சுழலாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேசையைத் தயார் செய்யுங்கள்

மேசைமேல் தடித்த துணியை இரண்டாக மடித்து விரியுங்கள். நாணயம் கை தவறினாலும் விளிம்பு நசுங்காது. அறையின் பொது விளக்கை அணைத்துவிட்டு, உறையோ மூடியோ இல்லாத ஒற்றை பல்பு கொண்ட மேசைவிளக்கைப் போடுங்கள். குழல்விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் நாலா பக்கமிருந்தும் பரவி விழுவதால் மெல்லிய கீறல்களை மறைத்துவிடும். 5 மடங்கோ 10 மடங்கோ பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும். முதலில் வெறுங்கண்ணால் முழு நாணயத்தையும் பாருங்கள், பிறகு லூப். எடுத்தவுடன் லூப்பை வைத்தால் கீறல் தெரியும், ஆனால் பரப்பின் மொத்தத் தன்மை பிடிபடாது.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் விளிம்பை மட்டும் பிடிக்கட்டும். நாணயத்தின் மேல் குனிந்துகொண்டு பேச வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி விழுந்த இடம் பின்னாளில் கரும்புள்ளியாகத் தலைகாட்டும்.

பழைய பாலிஷ் எங்கே ஒளிந்திருக்கும்

நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்து மெதுவாக முழு வட்டம் சுற்றுங்கள். எழுத்தும் உருவமும் இல்லாத சமதளப் பகுதியில் கண் இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் சட்டென்று மின்னி மறைந்தால் அவை ஹேர்லைன் கீறல்கள். ஒரே திசையில் இணையாக ஓடினால் துணியால் துடைத்திருக்கிறார்கள். சிறுசிறு வட்டமாக இருந்தால் விரலில் பசையைத் தடவித் தேய்த்திருக்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் கொத்தாக இருந்தால் அங்கே ஏதோ ஒரு கறையை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். புழக்கத்தில் விழும் கீறல்களுக்குத் திசை கிடையாது. ஆழம் ஒன்றுக்கொன்று மாறும், எங்கெங்கோ சிதறியிருக்கும்.

இந்த இடத்தில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். எல்லாக் கோடும் பாலிஷ் கோடு ஆகிவிடாது. நாணயசாலையில் அச்சையே அவ்வப்போது தேய்த்துச் சீராக்குவார்கள். அச்சில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும் என்பதால், அந்த அச்சில் பிறந்த நாணயத்தில் அது மேடாக வரும். தேய்ப்பது அச்சின் சமதளத்தை மட்டும்தான், உருவம் அதற்குக் கீழே குழிவில் இருக்கிறது. எனவே இந்த மேட்டுக் கோடுகள் எழுத்தின் ஓரம் வரை வந்து நின்றுவிடும். எழுத்தின் மேல் ஏறாது. பாலிஷ் கீறல் நாணயத்தின் மேல் விழுந்தது. அது பள்ளமாக இருக்கும், சமதளத்திலிருந்து எழுத்தின் மேல் ஏறி அந்தப் பக்கமும் தொடரும். இன்னொரு வகையும் உண்டு: பழங்காலத்தில் அச்சடிக்கும் முன் வெற்றுத் தகட்டின் எடை கூடுதலாக இருந்தால் அரத்தால் ராவிச் சரிசெய்வார்கள். அந்த அரத்தடங்கள் 18-ஆம் நூற்றாண்டு நாணயங்களில் ஏராளம். அவை ஆழமாக இருக்கும், ஆனால் அச்சின் அழுத்தம் பட்ட இடங்களில் நசுங்கி மங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல நாணயத்தை வேண்டாமென்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நிறம். கைகள் பல மாறி வந்த வெள்ளி நாணயத்தில் மேடான இடங்கள் வெளிறியும் எழுத்துகளின் இடுக்குகள் கறுத்தும் இருக்கும். இது இயல்பான முதுமை. உருவத்தின் தலைமுடி வரிகள் தேய்ந்து, முகம் மழுங்கிப்போன நாணயம் ஒன்று புத்தம் புதிதாக வெள்ளை வெளேர் என்று ஒளிர்ந்தால் அதன் தேய்மானமும் அதன் நிறமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். லூப்பே வேண்டாம், இந்த முரண் ஒன்றே போதும்.

பிறகு எழுத்துகளின் அடிவாரத்தைப் பாருங்கள். துணி சமதளத்தில் எளிதாக ஓடும், எழுத்தின் ஓரத்தில் மாட்டி நிற்கும். அதனால் தேய்த்த நாணயத்தில் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் துணி எட்டாத ஒரு கருநிறக் கரை மிச்சமிருக்கும். சில சமயம் அங்கே வெள்ளைப் பொடியும் படிந்திருக்கும். அது பாலிஷ் பசையின் மீதி. விளிம்பையும் மறக்காதீர்கள். இரு முகங்களையும் துலக்குபவர்கள் விளிம்பின் பல்வரிசையைத் துலக்குவது அரிது. முகம் வெளுத்து, விளிம்பு கறுத்திருந்தால் கதை விளங்கிவிடும். விளிம்பில் மேல்பக்கம், பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில், பற்றவைத்த அடையாளமோ பல்வரிசை தேய்ந்திருப்பதோ தெரிந்தால் அது ஒரு காலத்தில் பதக்கமாகத் தொங்கிய நாணயம். அப்படிப்பட்டவை அநேகமாக நன்றாகப் பாலிஷ் போடப்பட்டவையாகவே இருக்கும்.

வேகமாகச் சுழலும் கம்பித் தூரிகையால் தேய்த்தது கொஞ்சம் தந்திரமானது. தூரத்தில் பார்த்தால் லஸ்டர் மாதிரியே இருக்கும். லூப்பில் பார்த்தால் நெருக்கமான நுண்கீறல்கள் தெரியும். தூரிகை தள்ளிய உலோகம் எழுத்துகளின் ஒரு பக்கத்தில் சிறு வரப்பாகக் குவிந்திருக்கும். ஒளிப்பட்டையும் ஆரமாகச் சுழலாமல் இடத்துக்கு இடம் அணைந்து எரியும்.

கடைசி வகைதான் கடினம்: தேய்த்து, பல வருஷம் கழித்து மறுபடி டோனிங் ஏறியவை. நிறம் அழகாக இருக்கும், மனம் மயங்கும். சாய்த்துப் பார்த்தால் நிறத்துக்கு அடியில் ஹேர்லைன்கள் தெரியும். நிறம் கீறலின் மேல் படர்ந்திருந்தால் கீறல் மூத்தது. கீறல் நிறத்தை வெட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரிந்தால் கீறல் பிந்தியது. ஆரம்ப நாட்களில் புகைப்படத்தை மட்டும் நம்பி இப்படி ஒன்றை நான் வாங்கினேன். நீலமும் பொன்னும் கலந்த நிறம். வீட்டில் விளக்கின் கீழ் சாய்த்ததும் தலைப்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். மனசு வலித்தது. இன்றும் அதை வைத்திருக்கிறேன், யாருக்காவது ஹேர்லைன் என்றால் என்ன என்று காட்ட வேண்டுமானால் அதைத்தான் எடுக்கிறேன். புகைப்படம் பார்த்து வாங்குபவர்கள் ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும் வீடியோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேராக எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியாது.

இதெல்லாம் வெறும் அழகு சம்பந்தப்பட்டது என்று நினைக்க வேண்டாம். நாணயங்களைத் தரம்பிரித்து உறையிலிடும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் முறையற்ற சுத்தத்தைக் கண்டால், 70 வரை போகும் தர எண்ணைத் தராமல் 'டீட்டெயில்ஸ்' என்ற குறிப்போடு திருப்பிவிடும்.

தொடலாமா, வேண்டாமா

ஏற்கெனவே தேய்க்கப்பட்டது என்று தெரிந்தால் மேலும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பத்திரமான உறையில் போட்டு விட்டுவிடுங்கள். காலப்போக்கில் கொஞ்சம் நிறம் ஏறினால் கண் கூசும் பளபளப்பு தணியும். தேய்க்கப்படாமல் சீரான சாம்பல் நிறத்திலோ வண்ண டோனிங்கோடோ இருந்தால் கட்டாயம் தொடாதீர்கள். பச்சையாகப் பிசுபிசுப்பது, டேப்பின் பசை, எண்ணெய்ப்பிசுக்கு, மண் இவை இருந்தால் மட்டும் எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் இவற்றில் சில நாணயத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

எதையும் முதன்முதலாகச் செய்யும்போது, மிகவும் தேய்ந்துபோன, ஏராளமாகக் கிடைக்கிற வெள்ளி நாணயம் ஒன்றில் செய்து பழகுங்கள்.

முதல் குளியல்: அசிட்டோன்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு முறையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் வெள்ளியையும் தொடாது, டோனிங்கையும் தொடாது. எண்ணெய், பசை, பழைய வார்னிஷ், பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் செய்த உறை விட்டுப்போன பச்சைப் பிசுக்கு ஆகியவற்றைத்தான் கரைக்கும். தூய அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது. அதில் தண்ணீர், வாசனை, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும்.

பாதுகாப்பு முதலில். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்குச்சுடர், சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும், பல பிளாஸ்டிக்குகள் இதில் கரைந்துவிடும்.

மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் அசிட்டோனை ஊற்றுங்கள். நாணயத்தை முதல் கிண்ணத்தில் மெதுவாக இறக்கி மூடிவையுங்கள். லேசான பிசுக்கு சில நிமிடங்களில் போகும். பழைய பச்சைக்கு ஒரு இரவு வேண்டியிருக்கும். பிறகு மூங்கில் இடுக்கியால் விளிம்பைப் பிடித்து எடுத்து இரண்டாவது கிண்ணத்தில் முக்குங்கள். இந்த இரண்டாம் முக்கலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் கிண்ணத்தில் கரைந்த பிசுக்கு அந்தத் திரவத்திலேயே இருக்கிறது; அதோடு காயவிட்டால் அதே பிசுக்கு மெல்லிய படலமாக நாணயம் முழுக்கப் பரவிக் காயும். வெளியே எடுத்ததும் செங்குத்தாகப் பிடியுங்கள். சில நொடிகளில் தானாக உலர்ந்துவிடும். துடைக்காதீர்கள். பஞ்சாலோ துணியாலோ ஒருமுறைகூட இழுக்காதீர்கள்.

பச்சை போன பிறகு அடியில் குழி தெரிந்தால், பிவிசியிலிருந்து கசிந்த அமிலம் அரித்த இடம் அது. இனி பரவாது, ஆனால் ஆறவும் ஆறாது.

மண்ணுக்கு: வடிநீர்

மண்ணும் உப்பும் அசிட்டோனில் கரையாது. அதற்கு வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் வெள்ளியின் மேல் கறை பிடிக்கும். நாணயத்தை வடிநீரில் ஊறப்போட்டு தினம் தண்ணீரை மாற்றுங்கள். சில நாள், சில சமயம் சில வாரம் ஆகும். பொறுமையில்லாமல் குச்சியால் சுரண்ட வேண்டாம். மண் தானே இளகி விழட்டும். எடுத்ததும் அசிட்டோனில் ஒரு முக்கு முக்கினால் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு ஆவியாகும்.

கறுப்பை எடுத்தே தீர வேண்டுமா?

என் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதுதான். இருந்தாலும் இரண்டு முறைகளையும் சொல்கிறேன், தெரியாமல் செய்வதைவிடத் தெரிந்து செய்வது மேல்.

ஒன்று, அலுமினியத் தாள் முறை. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சூடான வடிநீர் ஊற்றி, சமையல் சோடாவைக் கரைத்து, நாணயம் தாளைத் தொடும்படி வையுங்கள். அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுக்க, வெள்ளி சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகும். கந்தகம் பிரிந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். சில நொடிகளுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், போதுமென்று தோன்றியதும் நிறுத்தி வடிநீரில் நன்றாக அலசுங்கள். இதில் வெள்ளி கரைந்து போவதில்லை என்பது உண்மை. ஆனால் திரும்பி வந்த வெள்ளி பழைய நுண்வரிகளின் ஒழுங்கில் உட்காராது. சுண்ணாம்பு பூசியது போல் ஒரு மங்கல் வெள்ளை தங்கும்.

மற்றது டிப். அமிலமும் தயோயூரியாவும் கலந்த கரைசல் அது. இரண்டு மூன்று நொடிகளில் கறுப்பைக் கரைத்துவிடும், கூடவே தோலையும். லஸ்டர் முழுதாக இருக்கும் நாணயம் ஒரு முறை தாங்கும். திரும்பத் திரும்ப முக்கினால் வரிகள் கரைந்து, ஒளி சுழலாத செத்த வெள்ளையாகிவிடும். தேய்ந்த நாணயத்தை முக்கவே கூடாது. அதற்கு அழகு தருவதே அந்த இடுக்குக் கறுப்புதான். சரியாக அலசாவிட்டால் சில மாதங்களில் பழுப்புத் திட்டுகள் கிளம்பும். தயோயூரியா புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் வேதிப்பொருள் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

முன்பே உலோகக் கலவையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் நாணயங்களில் 92.5 சதவீதமாக இருந்த வெள்ளி 1920-ல் 50 சதவீதமாகக் குறைந்தது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 91.7 சதவீதமாக இருந்தது 1940-ல் 50 ஆனது. அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்களில் 90 சதவீதம். 50 சதவீத நாணயங்களில் பாதி செம்பும் பிற உலோகங்களும்தான். அமிலம் பட்டால் நிறம் திரிந்து செம்மையோ மஞ்சளோ தட்டும். அவற்றை அசிட்டோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பற்பசை, சாம்பல், சமையல் சோடாவைக் குழைத்த பசை, பாத்திரங்களுக்கான வெள்ளிப் பாலிஷ், நகைத்துணி, கம்பி நார், அழிப்பான் ஆகிய எதுவும் வேண்டாம். எல்லாமே உராய்ந்து வேலை செய்பவை. பாத்திரத்துக்கு அது பொருந்தும், அதில் படிக்க வேண்டிய எழுத்து இல்லை.

மண்ணிலிருந்து எடுத்த மிகப் பழைய வெள்ளி நாணயங்களை வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். அவற்றின் மேல் வெள்ளி குளோரைடு தடித்த சாம்பல் ஓடாகப் படிந்திருக்கும். உள்ளே உலோகம் நொறுங்கும் தன்மைக்கு மாறியிருக்கலாம். கீழே விழுந்தாலே இரண்டாகும், மீயொலி அதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டியில் போட்டால் சிதறியும் போகலாம். அது அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணர்களின் வேலை.

எடுத்து வைக்கும்போது

உறை பிவிசி இல்லாததாக இருக்க வேண்டும். வளைத்தால் மெத்தென்று வளைந்து புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் உறைகளைச் சந்தேகியுங்கள். மைலார், பாலிப்ரொப்பிலீன், அக்ரிலிக் கூடுகள் நல்லவை. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் விடும், அருகில் வேண்டாம். அட்டை உறையில் ஸ்டேப்பிள் ஊசி இருந்தால் நாணயத்தை வெளியே எடுக்கும் முன் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுங்கள், நல்ல நாணயங்களில் நீளமான கீறல் இப்படித்தான் விழுகிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, பச்சையோ புதுப்புள்ளியோ கிளம்பியிருக்கிறதா என்று அதே ஒற்றை விளக்கின் கீழ் பாருங்கள்.

உறைக்குள் சிறு சீட்டு ஒன்றில் நாணயத்தின் எடை, நீங்கள் கண்ட அடையாளங்கள், எதில் எத்தனை நேரம் முக்கினீர்கள், தேதி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். என்றாவது இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுங்கள்.